தேடல் பட்டியல்: அழித்தால் போதுமா?

ஒரு வீட்டில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

இஷாத் தொழுகை முடிந்து, இரவுச் சாப்பாடும் முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. தம் தங்கை வீட்டுத் திருமணப் படங்களைக் காண்பதற்காக, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் கைப்பேசியை உம்மா வாங்குகிறார். இன்ஸ்டாகிராமைத் திறந்து, தேடுவதற்குரிய பூதக்கண்ணாடிப் படத்தைத் தொடுகிறார். ஓர் எழுத்தைக்கூட அவர் இன்னும் தட்டவில்லை. அதற்குள் மகள் அண்மையில் தேடியவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரு கல்லூரியின் பெயர், மருதாணி வடிவங்கள், ஒரு தோழியின் பெயர். அவற்றுக்கு நடுவே, ‘இரவில் தூக்கம் வராமல் அழுகை வருவது ஏன்?’ என்றொரு வரி.

உம்மாவுக்கு நெஞ்சு பதறுகிறது. “என்னடி இது?” என்று கூடத்தில் அனைவர் முன்னிலையிலும் குரலை உயர்த்துகிறார். வாப்பா நாளிதழைத் தாழ்த்திப் பார்க்கிறார். தம்பி சிரிக்கிறான். மகள் பதில் ஏதும் கூறாமல் கைப்பேசியை வாங்கிக்கொண்டு அறைக்குள் சென்று விடுகிறாள். மறுநாள் அந்தப் பட்டியல் வெறுமையாக இருக்கிறது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

அன்றிரவு அந்த வீட்டில் இரண்டு காரியங்கள் நடந்துள்ளன. தேடல் பட்டியலை அழிக்கும் வழியை மகள் கற்றுக்கொண்டாள். தம் மகளின் துயரத்தை அறிந்துகொள்ளக் கிடைத்த ஒரே வாயிலை உம்மா தம் கையாலேயே மூடிவிட்டார். முதலாவது காரியம் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய எளிய பாடம். இரண்டாவது, ஒவ்வொரு பெற்றோரும் சிந்திக்க வேண்டிய செய்தி. இரண்டையும் ஒருசேரப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேட்க முடியாததைக் கேட்கும் இடம்

பிறருக்கு எழுதும் கடிதத்தில் நாம் சொற்களைத் தேர்ந்து எழுதுகிறோம். நான்கு பேர் காணும் படத்தை வெளியிடுமுன் உடையைச் சரி செய்து கொள்கிறோம். ஆனால் தேடும் கட்டத்தில் எழுதும்போது அத்தகைய எச்சரிக்கை எதுவும் நம்மிடம் இருப்பதில்லை. மருத்துவரிடம் கூறக் கூச்சப்படும் நோய், கணவரிடம் சொல்லாத கடன், மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளையின் பக்கம், பல ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தை இல்லாத உறவினரின் படம் என மனத்தில் உள்ளது உள்ளபடியே அங்கு வந்து விழுகிறது. ஒருவருடைய தேடல் பட்டியலை ஒரு மாத காலம் தொடர்ந்து வாசித்தால், அவருடைய அண்டை வீட்டார் அறியாததையும் அறிந்துகொள்ளலாம்.

இது மிகைக் கூற்று அன்று. 2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். என்னும் இணைய நிறுவனம், ஆய்வாளர்களுக்குப் பயன்படட்டும் என்று கருதி, சுமார் ஆறரை இலட்சம் பேர் மூன்று மாத காலத்தில் தேடிய ஏறத்தாழ 2 கோடித் தேடல்களை இணையத்தில் வெளியிட்டது. எவருடைய பெயரும் அதில் இல்லை. பெயர்களுக்குப் பதிலாக எண்களே இருந்தன. ஆயினும் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் ஓர் எண்ணின் கீழ் இருந்த தேடல்களை மட்டும் வரிசையாகப் படித்து, ஊர், உறவுப் பெயர், உடல் உபாதை ஆகிய குறிப்புகளைக் கோத்து, அவற்றைத் தேடிய மூதாட்டியின் வீட்டு வாசலுக்கே சென்று சேர்ந்துவிட்டனர். நிறுவனம் சில நாட்களிலேயே அந்தத் தொகுப்பை நீக்கி மன்னிப்புக் கோரியது. அதன் தொழில்நுட்பத் தலைமை அதிகாரி பதவி விலகினார். ஆனால் அதற்குள் தொகுப்பின் பிரதிகள் உலகெங்கும் பரவிவிட்டன. அவற்றைத் திரும்பப் பெற எவராலும் இயலவில்லை.

பெயரை எழுதாவிட்டாலும் தேடல் நம்மை அடையாளம் காட்டிவிடும் என்பதும், ஒருமுறை வெளியேறிய பதிவை முழுமையாக அழிப்பது அரிது என்பதும் அந்நிகழ்ச்சி தரும் இரு படிப்பினைகள்.

ஒரு தேடல், மூன்று பதிவுகள்

‘நான்தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டேனே’ என்று பலர் நிம்மதியாக இருக்கின்றனர். எதை அழித்தோம் என்பதைச் சற்றே விளங்கிக்கொள்ள வேண்டும்.

நம் தெருமுனை மளிகைக் கடையை எண்ணிப் பாருங்கள். மாதக் கணக்கில் பொருள் வாங்கும் வீட்டாரிடம் ஒரு சிறிய பற்று நோட்டு இருக்கும். கடைக்காரரிடம் பெரிய பேரேடு ஒன்று இருக்கும். இவ்விரண்டும் போக, அவருடைய நினைவு ஒன்று உண்டு. இந்த வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் எழுதப்படாமலேயே அவருக்குத் தெரியும். நம் கையிலுள்ள நோட்டைக் கிழித்துப் போட்டால் பேரேடு அழியுமா? பேரேட்டையே அழித்தாலும் கடைக்காரரின் நினைவு அழியுமா?

சமூக ஊடகச் செயலிகளிலும் இவ்வாறே மூன்று அடுக்குகள் உள்ளன. திரையில் தெரியும் தேடல் பட்டியல், நம் கையிலுள்ள பற்று நோட்டு. நிறுவனத்தின் கணினிகளில் இருக்கும் பதிவு, பேரேடு. நம் தேடல்களிலிருந்தும், நாம் நின்று பார்த்த படங்களிலிருந்தும், தொட்ட விளம்பரங்களிலிருந்தும் நம் விருப்பங்களைக் குறித்து நிறுவனம் செய்துகொண்ட ஊகம், கடைக்காரரின் நினைவு. அந்த ஊகத்தின் அடிப்படையில்தான் அடுத்தடுத்த படங்களும் விளம்பரங்களும் நமக்குக் காட்டப்படுகின்றன.

வீட்டார் கண்ணில் படக்கூடாது என்பது மட்டுமே கவலையாயின், முதல் அடுக்கை அழித்தால் போதும். நிறுவனம் நம்மைப் பின்தொடர்வதே கவலையாயின், மற்ற இரண்டையும் கவனிக்க வேண்டும்.

பற்று நோட்டை அழிக்கும் முறை

இன்ஸ்டாகிராமில் இது மிக எளிது. திரையின் கீழ்ப்பகுதியிலுள்ள பூதக்கண்ணாடிப் படத்தைத் தொட்டு, மேலே தோன்றும் தேடல் கட்டத்தில் விரலை வைத்தால் அண்மைத் தேடல்கள் தெரியும். ஒவ்வொன்றின் அருகிலும் உள்ள பெருக்கல் குறியைத் தொட்டால் அந்த ஒன்று மட்டும் நீங்கும். முழுப் பட்டியலையும் காண ‘சீ ஆல்’ என்பதைத் தொட வேண்டும். அங்குள்ள ‘கிளியர் ஆல்’ என்பதைத் தொட்டு உறுதி செய்தால் பட்டியல் முழுவதும் நீங்கிவிடும்.

வேறொரு வழியும் உண்டு. நம் பக்கத்திற்குச் சென்று, மேல் மூலையிலுள்ள மூன்று கோடுகளைத் தொட்டு, ‘யுவர் ஆக்டிவிட்டி’ என்னும் பகுதிக்குள் நுழைந்தால் தேடல்களுக்கான பிரிவு இருக்கும். நாம் இட்ட விருப்பக் குறிகள், எழுதிய கருத்துகள் போன்றவையும் அதே பகுதியில் இருப்பதால், ஒருமுறை பொறுமையாக அமர்ந்து பார்ப்பது நன்று. செயலி புதுப்பிக்கப்படும்போது இப்பெயர்களும் இடங்களும் சிறிது மாறக்கூடும். ‘சர்ச்’ என்னும் சொல்லைத் தேடிச் சென்றால் வழி தவறாது.

ஃபேஸ்புக்கில் ‘ஆக்டிவிட்டி லாக்’ என்னும் பகுதியில் தேடல் வரலாறு இருக்கும். ‘கிளியர் சர்ச்சஸ்’ என்பதைத் தொட்டு அதனை நீக்கலாம். யூடியூபில் அமைப்புகள் பகுதியில் உள்ள ‘மேனேஜ் ஆல் ஹிஸ்டரி’ வழியாகச் செல்ல வேண்டும். அங்கு நல்ல வசதி ஒன்று உண்டு. 3 மாதம், 18 மாதம், 36 மாதம் ஆகியவற்றுள் ஒன்றை நாம் தேர்ந்து வைத்தால், அக்காலத்தைக் கடந்த பதிவுகள் தாமாகவே நீங்கிக்கொண்டிருக்கும். பதிவு செய்வதையே நிறுத்தி வைக்கவும் இயலும்.

ஓர் ஐயம் பலருக்கு உண்டு. இன்ஸ்டாகிராமில் ஒருவருடைய பெயரைத் தேடினால் அவருக்குத் தெரிந்துவிடுமா? தெரியாது. ஆனால் அவர் வெளியிடும் ‘ஸ்டோரி’யைத் திறந்து பார்த்தால், பார்த்தவர் பட்டியலில் நம் பெயர் அவருக்குத் தெரியும். நம் தேடல் பட்டியலை அழிப்பதால் அங்கிருக்கும் நம் பெயர் நீங்கிவிடாது. அன்றியும், நாம் அடிக்கடி சென்று பார்த்தவரின் பெயர், பட்டியலை அழித்த பின்னரும் முதல் எழுத்தைத் தட்டியவுடன் பரிந்துரையாக முன்வந்து நிற்கக்கூடும்.

பேரேடும் கடைக்காரர் நினைவும்

ஃபேஸ்புக் நிறுவனம் 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட தரவுக் கொள்கையில் ஒரு செய்தியை வெளிப்படையாகவே கூறியிருந்தது. பயனர் தம் தேடலை எந்நேரமும் தம் பட்டியலிலிருந்து நீக்கலாம். ஆயினும் அத்தேடலைக் குறித்த பதிவு 6 மாதங்களுக்குப் பின்னரே அழிக்கப்படும் என்பதே அது. நாம் கிழித்துப் போட்ட நோட்டின் மறுபக்கம் கடையில் தங்கியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்நிறுவனம் 2012 ஆம் ஆண்டில் இன்ஸ்டாகிராமையும் 2014 ஆம் ஆண்டில் வாட்ஸ்அப்பையும் வாங்கியது. 2021 அக்டோபரில் மெட்டா எனப் பெயர் மாற்றிக்கொண்டது. ஆகவே நம் இல்லங்களில் காலை முதல் இரவு வரை திறந்திருக்கும் மூன்று செயலிகளும் ஒரே முதலாளியின் கடைகள்தாம்.

இந்நிறுவனத்தின் பேரேட்டில் உள்ள நம் பகுதியைப் பார்வையிட வழி உண்டு. ‘அக்கவுண்ட்ஸ் சென்டர்’ என்னும் பகுதியில் நம் தகவல்களைப் பிரதியாகப் பதிவிறக்கம் செய்துகொள்ளும் வசதி இருக்கிறது. ஒருமுறையேனும் அதைச் செய்து பாருங்கள். நாம் மறந்துபோன எத்தனையோ செய்திகளை அது மறவாமல் வைத்திருப்பதைக் காணலாம்.

அதே இடத்தில், மெட்டாவுக்கு வெளியே நம் செயல்பாடுகள் என்றொரு பிரிவும் உண்டு. நாம் வேறொரு வலைத்தளத்தில் காலணி பார்த்தோம், மருந்து வாங்கினோம் என்பன போன்ற செய்திகளை அந்த வலைத்தளங்கள் மெட்டாவுக்கு அனுப்புகின்றன. காலையில் எங்கோ பார்த்த சேலை மாலையில் ஃபேஸ்புக்கில் விளம்பரமாக வந்து நிற்கும் இரகசியம் பெரும்பாலும் இதுதான். 2020 ஜனவரி முதல் உலகெங்கும் உள்ள பயனர்கள் இத்தொடர்பைக் காணவும் துண்டிக்கவும் வசதி தரப்பட்டுள்ளது. பழைய தொடர்பை நீக்குவதோடு, இனி வருவதையும் சேர்க்க வேண்டாம் என்று நாம் தெரிவிக்கலாம்.

கடைக்காரரின் நினைவை மாற்றவும் ஒரு வழி வந்திருக்கிறது. நமக்குக் காட்டப்படும் பரிந்துரைகளை முதலிலிருந்து தொடங்கச் செய்யும் வசதியை இன்ஸ்டாகிராம் 2024 நவம்பரில் அறிவித்தது. ‘கன்டென்ட் பிரிஃபரன்சஸ்’ பகுதியில் அதனைக் காணலாம். துயரமான காட்சிகளோ, ஒவ்வாத படங்களோ தொடர்ந்து வந்து மனத்தை அலைக்கழிக்கும்போது இது பயன்படும். எனினும் அதற்குப் பின்னர் நாம் எவற்றை நின்று பார்க்கிறோமோ அவற்றைக் கொண்டே புதிய ஊகம் உருவாகும் என்பதை மறந்துவிடலாகாது.

எப்போது அழிக்க வேண்டும்? எப்போது அழிக்கக் கூடாது?

கைப்பேசியைப் பழுது பார்க்கக் கொடுக்குமுன் தேடல் பட்டியலை அழிப்பதோடு, கணக்கிலிருந்து வெளியேறியும் விட வேண்டும். பழைய கைப்பேசியை விற்கும்போதோ, உறவினர் பிள்ளைக்குக் கொடுக்கும்போதோ அது மட்டும் போதாது. வேண்டியவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு, கருவியை முற்றிலும் துடைத்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டு வர வேண்டும். ஒரே கைப்பேசியை வீட்டார் பலர் பயன்படுத்தினால், ஒருவர் நலம் கருதித் தேடிய மருத்துவச் செய்தி மற்றவர் கண்ணில் பட்டு வீண் கலக்கத்தை உண்டாக்காமல் இருக்க, அவ்வப்போது அழித்து வருவது நல்ல பழக்கம். தேடல் கணக்கோடு சேர்ந்தது என்பதையும் நினைவில் கொள்க. இரண்டு கருவிகளில் ஒரே கணக்கைத் திறந்து வைத்திருந்தால், ஒன்றில் தேடியது மற்றொன்றிலும் தெரியக்கூடும்.

அழிக்கக் கூடாத நேரமும் உண்டு. நம் பெண்கள் பலர் இங்கேதான் தவறு செய்கின்றனர். முகம் தெரியாத ஒருவன் மிரட்டுகிறான், படத்தை மாற்றி வெளியிடுவேன் என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அச்சத்தில் உரையாடல்களையும் தேடிய பெயர்களையும் அழித்துவிட்டால், அவனுக்கு எதிரான சான்றுகளை நாமே அழித்தவர்களாவோம். எதையும் அழிக்காமல், திரையில் தெரிவதை அப்படியே படமெடுத்து, நாள், நேரம், கணக்கின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் உடனே கூற வேண்டும். இந்தியாவில் இணையவழிப் பணமோசடிக்கு 1930 என்னும் எண்ணில் முறையிடலாம். மற்ற இணையக் குற்றங்களுக்கு மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளமும் காவல் நிலையங்களும் உள்ளன. சிறாருக்கு 1098, பெண்களுக்கு 181 ஆகிய உதவி எண்கள் இயங்குகின்றன.

பெற்றோரின் கடமை எதுவரை?

பிள்ளைகள் என்ன தேடுகிறார்கள் என்பதை அறிய வேண்டாமா? அறிய வேண்டும். வழிதான் கேள்வி.

இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கக் குறைந்த வயது 13. அதற்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பொய்யான பிறந்த ஆண்டைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கித் தரும் பெற்றோர், அப்பிள்ளைக்கு உரிய பாதுகாப்பைத் தாமே நீக்கிவிடுகின்றனர். வளரிளம் பருவத்தினருக்கெனத் தனிக் கட்டுப்பாடுகள் கொண்ட கணக்கு முறையை இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் சில நாடுகளில் தொடங்கி, 2025 பிப்ரவரியில் இந்தியாவிலும் அறிவித்தது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் அக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோரின் இசைவு வேண்டும். பிள்ளையின் கணக்கோடு தம் கணக்கை இணைத்துக்கொண்ட பெற்றோர், கடந்த 7 நாட்களில் பிள்ளை யாருடன் செய்தி பரிமாறியது என்பதைக் காணலாம். செய்திகளின் உள்ளடக்கத்தை வாசிக்க இயலாது.

இந்த எல்லை நம் வீடுகளுக்குப் புதியதன்று. பிறர் இல்லத்தினுள் நுழையுமுன் ஸலாம் கூறி அனுமதி கேட்க வேண்டும், பிறருடைய குறைகளைத் துருவி ஆராயக் கூடாது என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. வாசற்கதவுக்கு உரிய அந்த ஒழுக்கம் கைப்பேசிக்கும் பொருந்தும். இந்திய உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வும் 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என ஒருமித்துத் தீர்ப்பளித்தது.

பிள்ளையின் கைப்பேசியை ஒளிந்திருந்து சோதிக்கும் வீட்டில், பிள்ளை கற்றுக்கொள்வது நேர்மையை அன்று. தடயம் இல்லாமல் அழிக்கும் கலையைத்தான். கைப்பேசி வாங்கித் தரும் நாளிலேயே, ‘எப்போதாவது உன்னோடு சேர்ந்து அமர்ந்து இதைப் பார்ப்பேன், உனக்குத் தெரியாமல் பார்க்க மாட்டேன்’ என்று கூறி, அதன்படியே நடக்கும் பெற்றோரிடம் பிள்ளை அஞ்சி ஒளிய வேண்டிய தேவை குறைகிறது. மாதத்தில் ஒரு நாள் தாயும் மகளும் சேர்ந்து அமர்ந்து, இருவருடைய கைப்பேசியிலும் இக்கட்டுரையில் கூறிய அமைப்புகளைச் சரி பார்க்கலாம். உம்மாவின் பட்டியலையும் மகள் பார்க்கட்டுமே. மூட்டு வலிக்கு வெந்தயம் நல்லதா என்று உம்மா பத்துமுறை தேடியிருப்பதைக் கண்டு மகள் சிரிப்பாள். உம்மாவுக்கு மூட்டு வலி இருப்பதையும் அவள் அன்றுதான் அறிந்துகொள்வாள்.

பட்டியலில் கவலைக்குரிய சொல் கண்ணில் பட்டுவிட்டால், அது குற்றத்தின் அடையாளம் என்று முடிவு செய்துவிடலாகாது. தோழிக்காகத் தேடியிருக்கலாம், பாடத்திற்காகத் தேடியிருக்கலாம், தன் துன்பத்திற்கு விடை காணத் தேடியிருக்கலாம். மூன்றாவதாயின், பிள்ளை உதவி கேட்டிருக்கிறது என்று பொருள். கேட்ட இடம் மட்டும் நாமாக இருக்கவில்லை. மனநலம் குறித்துப் பேச, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416 தமிழிலும் கிடைக்கிறது. தேவை எனில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் வெட்கப்பட ஏதுமில்லை.

மீண்டும் அந்த வீட்டுக்குச் செல்வோம். நான்கு நாட்கள் கழித்து, மற்றவர்கள் உறங்கிய பின், உம்மா மகளின் அறைக் கதவைத் தட்டுகிறார். தட்டிவிட்டுக் காத்திருக்கிறார். கதவு திறக்கிறது.

“அன்னைக்கு எல்லார் முன்னாலயும் நான் சத்தம் போட்டது தப்பும்மா” என்கிறார். “போனைப் பார்க்க வரலை. உனக்கு ராத்திரி தூக்கம் வரலையா?”

மகள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு கட்டிலில் சற்று நகர்ந்து, உம்மா அமர்வதற்கு இடம் விடுகிறாள்.